‘எனக்குக் கணக்கு வராது’ என்று முடிவு செய்தது யார்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை கடலூர் மாவட்டத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் வயதும் தொழிலும் வேறு வேறு. ஆயினும் நால்வரின் கடிதத்திலும் ‘நமக்கு இது வராது’ என்ற முடிவு ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். குரூப் 4 தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தமிழும் பொது அறிவும் படித்துவிடுகிறேன். கணக்குப் பகுதியைத் திறந்தால் மட்டும் கை நடுங்குகிறது. ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கைத் தப்பாகப் போட்டேன். “உனக்கெல்லாம் அடுப்பங்கரைதான்” என்று எல்லோர் முன்பும் ஆசிரியர் சொன்னார். அன்று முதல் எனக்குக் கணக்கு வரவே இல்லை. இரண்டு முறை விண்ணப்பித்தும் தேர்வுக்குப் போகவில்லை. எங்கள் மகளிர் குழுவில் நான்தான் கணக்கு எழுதுகிறேன். அங்குள்ளவர்கள் பரீட்சை எழுதச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை முதல்முறை படித்தபோது அந்த ஆசிரியரின் சொல்லைக் கேட்டு மனம் கொதித்தது. இரண்டாம் முறை படித்தபோதுதான், ‘எங்கள் மகளிர் குழுவில் நான்தான் கணக்கு எழுதுகிறேன்’ என்று போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த வரி கண்ணில் பட்டது. அதற்குச் சற்று முன்னால்தான் ‘எனக்குக் கணக்கு வரவே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே தாளில், ஒரே கையெழுத்தில், ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. அவற்றுள் எது உண்மை என்பதை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் குழுவில் வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு பேச்சுக்கு, நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டிக்கு ஓர் உறுப்பினர் 15,000 ரூபாய் கடன் வாங்கி, அசலில் மாதம் 1,500 ரூபாய் கட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி 150 ரூபாய், அடுத்த மாதம் 135, அதற்கடுத்த மாதம் 120. சுற்றிலும் பத்துப் பேர் பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தில், மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, ஒரு ரூபாய் பிசகினாலும் கேள்வி வரும் என்று தெரிந்தே நீங்கள் செய்யும் வேலை இதுதான். குரூப் 4 பாடத்திட்டத்தில் விழுக்காடு, தனிவட்டி என்ற தலைப்புகளில் இருப்பதும் இதே வேலைதான். மார்புச் சுற்றளவு 36 அங்குலம் என்றால் கால் பாகம் 9 அங்குலம், அதோடு தையலுக்கு விடும் துணி தனி என்று நாள்தோறும் சாக்குக்கட்டியால் கோடு போடுகிறீர்கள். ஒரு நாளில் ஆறு ரவிக்கை தைப்பவரும் மூன்று ரவிக்கை தைப்பவரும் சேர்ந்து உட்கார்ந்தால் 36 ரவிக்கை எத்தனை நாளில் முடியும் என்று தீபாவளி நேரத்தில் நீங்கள் போடும் கணக்குக்குத் தேர்வாணையம் வைத்திருக்கும் பெயர் ‘காலமும் வேலையும்’.

ஆகவே உங்களுக்குக் கணக்கு வரும். வராமல் போனது அந்தக் கரும்பலகையின் முன் மீண்டும் போய் நிற்கும் துணிவு. இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு வயதில் அவமானத்தோடு கேட்ட சொல்லைக் குழந்தை எடை போட்டுப் பார்ப்பதில்லை, அப்படியே விழுங்கிவிடுகிறது. பிறகு கணக்கு நோட்டை மூடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி உண்டாகிறது. அந்த நிம்மதிதான் பயத்துக்குப் போடப்படும் தீனி. மூடிய ஒவ்வொரு முறையும் ‘நல்லவேளை, தப்பித்தோம்’ என்று மனம் சொல்லிக்கொள்வதால், திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியாமலேயே இருபது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. நீங்கள் தேர்வு அறைக்கே போகாத அந்த இரண்டு முறைகளையும் உங்கள் மனம் தோல்விக் கணக்கில் எழுதி வைத்திருக்கும். விடைத்தாளைத் தொடாத ஒருவர் எப்படித் தோற்றிருக்க முடியும்?

கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று நூறு முறை சொல்லும்படி அறிவுரை கூறுபவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தம்மைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக எண்ணுபவர்கள் இப்படிப்பட்ட புகழ்மொழிகளைத் தமக்குள் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை, அப்படிச் சொல்லாதவர்களின் மனநிலையைவிடச் சோர்வாக இருந்தது தெரியவந்தது. உதடு ‘முடியும்’ என்று சொல்லும்போது உள்ளம் அந்தப் பழைய கரும்பலகையைக் காட்டி ‘பொய்’ என்கிறது. இந்த வழக்கில் ஒவ்வொரு முறையும் உள்ளம்தான் வெல்கிறது.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 1977இல் எழுதிய கட்டுரையில் அதற்கு நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார். தானே செய்து பார்த்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து முடிப்பதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச்சொல், தன் உடலின் நிலையைத் தான் எவ்வாறு பொருள்கொள்கிறோம் என்பது ஆகியவை அவை. நான்கிலும் வலிமையானது முதலாவது. அவரும் உடன் ஆய்வாளர்களும் பாம்பைக் கண்டு கடுமையாக அஞ்சியவர்களுக்குச் செய்த சிகிச்சையை எண்ணிப் பாருங்கள். முதலில் தொலைவிலிருந்து பார்க்கச் செய்தார்கள். பிறகு உடன் ஒருவர் இருக்க, கையுறையோடு தொடச் செய்தார்கள். பிறகு வெறுங்கையால் தொடச் செய்தார்கள். பாம்பு நஞ்சற்றது என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் நடக்காதது, கை தொட்டதும் நடந்தது. நம் ஊரில் பாம்பைத் தொடும்படி யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் படிப்படியாக நெருங்கும் அந்த முறை உங்கள் கணக்குப் புத்தகத்துக்கும் பொருந்தும்.

முதலில் பயத்தின் அளவை அளந்துவிடுவோம். அளவெடுப்பது உங்கள் தொழில். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். அவற்றில் தமிழ் 100 கேள்விகள், பொது அறிவு 75, திறனறிவுக் கணக்குகள் 25. எட்டில் ஒரு பங்கு மட்டுமே உங்களை அச்சுறுத்தும் பகுதி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் இல்லை. கணக்கை விட்டுவிட்டாலும் வென்றுவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. போட்டி கடுமையானது, அந்த 25 கேள்விகளும் தேவைப்படும். எனினும் இருபது ஆண்டுகளாக முழு வாசலையும் அடைத்து நின்றது உண்மையில் இவ்வளவு சிறியது என்பதைக் கண்ணால் பாருங்கள்.

அடுத்த ஒரு மாதத்துக்குப் புதிய பயிற்சி நூல் எதுவும் வாங்க வேண்டாம். ஏழாம், எட்டாம் வகுப்புப் பாடநூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் விழுக்காடும் தனிவட்டியும் மட்டும். ஒரு நாளைக்கு ஐந்து கணக்குகள், ஆறாவது வேண்டாம். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று விட்டால் அந்த நேரம் கிடைக்காது. ‘மாலையில் விளக்கேற்றியதும் நோட்டைத் திறப்பேன்’ என்று ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தோடு முடிச்சுப் போடுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர், ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டவர்கள் எண்ணியதைச் செய்து முடிப்பது கூடுகிறது என்று பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். சரியான விடைகளை மட்டுமன்றித் தவறியவற்றையும் எந்தப் படியில் தவறின என்று குறித்து வையுங்கள். பிசகிய தையலைப் பிரிக்கும்போது எங்கே பிசகியது என்று பார்க்கிறீர்களே, அதைப் போல.

மாத இறுதியில் ஒரு காரியம் செய்யுங்கள். அன்று கரும்பலகையில் தவறிய அந்த வகுத்தல் கணக்கு நினைவிருந்தால் அதையே, இல்லையென்றால் அதைப் போன்ற ஒன்றை, உங்கள் குழுப் பெண்கள் முன்னால் ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். அதன்பிறகு கடலூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று விசாரித்துச் சேருங்கள். பாடத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருபவர்கள், கடை வேலை முடித்து வருபவர்கள் என்று உங்களைப் போன்றவர்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்து படிப்பதைப் பார்ப்பதே பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்று. வயது வரம்பு பதவிக்கும் பிரிவுக்கும் ஏற்ப மாறுவதால், அறிவிக்கை வந்தவுடன் அதை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘மனம் வைத்தால் நடக்கும்’ என்று பத்திரிகைகளில் எழுதித் தள்ளுகிறீர்கள். பண்ருட்டிக்குப் பக்கத்தில் எனக்கு மூன்று ஏக்கர் முந்திரித் தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் ஒரே காலையில் சாய்ந்துவிட்டது. மரம் என் மனத்திலா விழுந்தது? அதன்பிறகு கடன், பெண்ணின் திருமணம் என்று போயிற்று. நிலத்தில் பாதி இன்னும் தரிசாகத்தான் கிடக்கிறது. மகன் மறுபடியும் நடலாம் என்கிறான். நமக்கு ராசியில்லை, விட்டுவிடு என்கிறேன் நான். இதையும் மனத்தடை என்றுதான் சொல்வீர்களா?

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. கையில் முதல் இல்லாமை, வட்டி, கூலி, தண்ணீர், சாதியின் பெயரால் சாத்தப்படும் கதவு, கடைசிப் பேருந்து எட்டு மணிக்கே போய்விடும் ஊரில் பிறந்திருப்பது, இவற்றையெல்லாம் மனத்தடை என்று சொல்வது பாதிக்கப்பட்டவர் மீதே பழியைத் தூக்கிப் போடுவதாகும். அப்படி எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

உங்கள் கேள்விக்கு உளவியலில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1967இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர், தப்பிக்க வழியில்லாத துன்பத்துக்கு ஆளான விலங்குகள், பிறகு வழி திறந்திருந்தபோதும் அசையாமல் படுத்துவிடுவதைக் கண்டார்கள். ‘கையறு நிலையை அவை கற்றுக்கொண்டன’ என்று அப்போது விளக்கினார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், மூளை ஆய்வுகளின் வெளிச்சத்தில் அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தாங்களே திருத்தினார்கள். நெடுங்காலத் துன்பத்தின் முன் ஓய்ந்து போவது உயிர்களின் இயல்பு, அதை யாரும் கற்கத் தேவையில்லை. நம் கையிலும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதைத்தான் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள். இந்தத் திருத்தத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். தரிசைப் பார்த்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்த ஆண்டுகள் கோழைத்தனத்தால் வந்தவையல்ல. அடிபட்ட எந்த உயிரும் அப்படித்தான் உட்காரும்.

ஆனால் ‘ராசியில்லை’ என்ற சொல்லில் மட்டும் உங்களோடு மாறுபடுகிறேன். அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய புயல், யாருடைய தோப்பு என்று பார்த்துச் சாய்க்கவில்லை. முந்திரியும் பலாவும் நின்ற வட்டாரம் முழுவதுமே படுத்தது. ஊருக்கே வந்த பேரிடரை உங்கள் ஒருவரின் சாதகத்தில் எழுதிவைத்தது யார், ஐயா? கடனுக்குக் கணக்கு உண்டு, கூலிக்குக் கணக்கு உண்டு. ராசிக்குக் கணக்கு இல்லாததால்தான் அதை யாராலும் மறுக்க முடிவதில்லை. கணக்குப் பார்த்துவிட்டு ‘இந்த ஆண்டு கட்டுப்படியாகாது’ என்று சொன்னால் அது விவசாயியின் முடிவு, அதை நான் வணங்குவேன். கணக்கே பார்க்காமல் ‘விட்டுவிடு’ என்பது வேறு.

மகனுக்கு ஒன்றரை ஏக்கரையும் கொடுக்க வேண்டாம். கால் ஏக்கர் கொடுங்கள். ஏழு மீட்டர் இடைவெளியில் இருபது ஒட்டுக்கன்றுகளுக்கு அது போதும். விருத்தாசலத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம், இந்த மண்ணுக்கென்றே வி.ஆர்.ஐ. என்ற பெயரில் முந்திரி ரகங்களை வெளியிட்டிருக்கிறது. இருவருமாகச் சென்று கேளுங்கள். ஒட்டுக்கன்றுகள் ஏறத்தாழ மூன்றாம் ஆண்டில் காய்ப்புக்கு வரத் தொடங்கும். அதுவரை இடையில் மணிலா (நிலக்கடலை) போடலாம். குழி எடுப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் மகன் பொறுப்பு. வரவு செலவு எழுதுவது உங்கள் பொறுப்பு. மூன்று ஆண்டு கழித்து அந்த நோட்டு ‘வேண்டாம்’ என்று சொன்னால் விட்டுவிடுங்கள். உங்கள் மகன் அதை ஏற்பார்.

கேள்வி: சோனங்குப்பத்தைச் சேர்ந்த மீனவர் குடும்பம். இயந்திரவியலில் டிப்ளமோ முடித்தேன். புதுச்சேரியில் மூன்று கம்பெனிகளுக்கு நேர்காணலுக்குப் போய்வந்தேன். ஆங்கிலத்தில் கேட்டவுடன் நெஞ்சு படபடத்து, தெரிந்த பதிலும் மறந்துவிடுகிறது. நம் ஆட்களுக்கு இங்கிலீஷ் ஒத்துவராது, பேசாமல் அப்பாவோடு படகுக்கு வா என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அப்பாவின் படகு எஞ்சினை நான்தான் பழுது பார்ப்பேன்.

பதில்: தம்பி, முகத்துவாரத்தில் அலை எழும்பும்போது படகு அதைத் தாண்டும் அந்த நொடியில் உங்கள் நெஞ்சு படபடக்கவில்லையா? கட்டாயம் படபடத்திருக்கும். அங்கே அதை ‘எனக்குக் கடல் ஒத்துவராது’ என்று யாரும் சொல்வதில்லை. உடம்பு தயாராகிறது என்று கொள்கிறீர்கள். நேர்காணல் அறையில் நிகழ்வதும் உடம்பின் அதே வேலைதான். அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பலர் முன் பேசுவதற்கு முன்னால் தம்மை அமைதிப்படுத்த முயன்றவர்களைவிட, ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று அந்தப் படபடப்புக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பை நிறுத்தப் போராட வேண்டாம். அதோடேயே பேசப் பழகுங்கள்.

பேச என்ன இருக்கிறது என்கிறீர்களா? பிஸ்டன், நாசில், கியர் பாக்ஸ், கூலன்ட், ப்ரொபெல்லர் ஷாஃப்ட். எஞ்சினைப் பிரித்து மாட்டும்போது நீங்களும் அப்பாவும் பேசுவதில் பாதி ஆங்கிலம்தான். கடைசியாக நீங்கள் சரிசெய்த பழுதை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன சத்தம் வந்தது, எதைச் சந்தேகப்பட்டீர்கள், எதைக் கழற்றினீர்கள், எப்படித் தெரிந்தது என்பதை ஆறே எளிய ஆங்கில வாக்கியங்களாக எழுதி, கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்து, தினமும் ஒரு முறை கேளுங்கள். ஒரு வாரம் கழித்து நண்பர் ஒருவரை எதிரில் உட்காரவைத்து அதையே சொல்லுங்கள். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்கும்போது பிறந்த ஊரையும் பொழுதுபோக்கையும் ஒப்பிப்பதை விட்டு, அந்த எஞ்சினிலிருந்து தொடங்குங்கள். இயந்திரம் தெரிந்தவர் எதிரில் இருந்தால் அடுத்த கேள்வியும் எஞ்சினைப் பற்றியே வரும். சொல் தடுமாறினால் ‘இதைத் தமிழில் சொல்லலாமா’ என்று கேட்பதும் குற்றமில்லை.

சொந்தக்காரர்களிடம் வாதாட வேண்டாம். படகுக்குப் போவது தாழ்வான வேலையும் அல்ல. அதை நீங்கள் விரும்பிப் போக வேண்டும், மூன்று நேர்காணல்களுக்குப் பயந்து போகக் கூடாது.

கேள்வி: புதுச்சேரி, முத்தியால்பேட்டை. என் மகள் எட்டாம் வகுப்பு. எப்போதும் முதல் மதிப்பெண். “நீ பிறவிப் புத்திசாலி” என்று சொல்லித்தான் வளர்த்தேன். இப்போது வினாடி வினா, ஓவியப் போட்டி எதிலும் சேர மறுக்கிறாள். “தோற்றுவிட்டால்?” என்கிறாள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. வாங்கிய ஸ்கூட்டர் ஓராண்டாக வாசலில் நிற்கிறது.

பதில்: அம்மா, அன்பினால் சொன்ன சொல்தான், ஆனாலும் அது ஒரு சுமையாகிவிட்டது. கிளாடியா மியூலர், கேரல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்து, தாம் நன்றாகச் செய்துவிடக்கூடிய எளிய பணிகளையே விரும்பினார்கள். ‘நன்றாக முயன்றாய்’ என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் கற்றுக்கொள்ள வாய்ப்புள்ள பணிகளை எடுத்தார்கள். புத்திசாலி என்ற பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தோற்கக்கூடிய இடத்துக்குப் போகாமல் இருப்பதே வழி என்று பிள்ளை கணக்குப் போடுகிறது. இனி மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், ‘எந்தக் கேள்வி கடினமாக இருந்தது, அதை எப்படிப் போட்டாய்’ என்று கேளுங்கள்.

அந்த ஸ்கூட்டரையும் எடுங்கள். பழகுநர் உரிமம் பெற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில், வண்டி ஓட்டத் தெரிந்த, உரிமம் உள்ள ஒருவர் உடன் இருக்க ஓட்டிப் பழகுங்கள். மகளைப் பின்னால் ஏற்ற வேண்டாம். தெருமுனையில் நின்று பார்க்கட்டும். நீங்கள் காலை ஊன்றுவதையும், வண்டி அணைந்து போவதையும், மறுபடி கிளப்புவதையும் அவள் பார்க்க வேண்டும்.